பசித்த தண்ணீர்

அந்தக் கிளப்பில் வேலை பார்க்கிற யாரும் நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. கரையைக் கழுவலாம், வலை போட்டு இலையை அள்ளலாம், நாளெல்லாம் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காலை ஒடித்துக்கொள்ளலாம். இறங்க மட்டும் கூடாது. உறுப்பினர்கள் குளிக்கிற தண்ணீராம். அதனால் சொட்டுவுக்கு அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்துத்தான் பழக்கம்.

சொட்டு என்பது பம்பு அறைக்காரர்கள் வைத்த பெயர். ஒரு விரல் நீளக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு, சிவப்பு எப்போது நீலமாக மாறுகிறது என்று ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். அது மாறும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வேதியியல் பட்டதாரி. அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பட்டத்துக்கு ஊர் முழுக்க அலைந்து கிடைத்த வேலை இதுதான்: உறுப்பினர்கள் மூழ்கி எழுகிற தண்ணீருக்கு நாடி பார்ப்பது.

அதுவும் தானாகக் கிடைக்கவில்லை. பம்பு அறையைப் பார்த்துக்கொள்கிறவர் அவளுடைய தாய்மாமா. அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன பிறகு, தன் வீட்டின் பின்னறையை அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் ஒழித்துக் கொடுத்தவர் அவர். பெண்கள் உடைமாற்றும் அறையைக் கழுவித் துடைக்கும் வேலையை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அக்கா மகள் படித்து முடித்ததும் மறுபடி மேனேஜர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆக, மூன்று பேர் பிழைப்பும் ஒரே குளத்தைச் சுற்றி. மேனேஜர் இதை யாரும் மறந்துபோக விட்டதில்லை.

"உன் மாமா முகத்துக்காகத்தாம்மா உன்னை உள்ள விட்டேன். பட்டம் வாங்கினவங்க வெளியில வரிசையில நிக்கிறாங்க."

"தெரியும் சார். நானும் அந்த வரிசையில நின்னவதான்" என்பாள் சொட்டு. பின்னால் நிற்கிற அம்மாவுக்கு அப்போதெல்லாம் முகம் வெளுத்துப் போகும்.

தொந்தரவு ஆரம்பித்தது தண்ணீர் மாறிய பிறகு. பழைய கிணற்றுத் தண்ணீர் வற்றிப்போய், கிளப்புக்குப் புதுக் குழாய் இணைப்பு வந்தது. கடல் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீர். குளத்தைக் காலி செய்து, தேய்த்து, அதை நிரப்பினார்கள். பளிங்கு மாதிரி இருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "சோப்பைக் காட்டினாலே நுரை பொங்குதுடி. இத்தனை வருஷம் கல்லோட மல்லுக்கட்டினேன்" என்று துணிகளை அலசித் தள்ளினாள்.

சொட்டு சோதித்துப் பார்த்தாள். சிவப்பு, சில சொட்டுகளிலேயே நீலமாகிவிட்டது. தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சோப்பு பொங்குவதன் மர்மமும் அதுதான்.

மேனேஜரிடம் போனாள். "சார், இது பசிச்ச தண்ணி. கால்சியம் இல்லாத தண்ணி சும்மா இருக்காது. எங்க சுண்ணாம்பு இருக்கோ அங்கேருந்து பிடுங்கித் தின்னும். குளத்துப் பூச்சு, டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்டு எல்லாத்தையும் அரிச்சிடும். நாமளே கால்சியம் போட்டுக் கடினத்தன்மையை ஏத்தணும்."

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தார். எதிர்மேசைக் குமாஸ்தாவைப் பார்த்தார். "கேட்டீங்களா? தண்ணிக்குப் பசிக்குதாம்! இலை போட்டுப் பரிமாறணுமாம்!"

குமாஸ்தா கடமைக்குச் சிரித்தார்.

"சிரிங்க சார். அது தின்னு முடிச்சப்புறம் குளத்தையே புதுசா பூசணும். அப்ப நானும் வந்து சிரிக்கிறேன்."

"ஏம்மா, கண்ணாடி மாதிரி தண்ணி இருக்கு. ஒருத்தராவது குறை சொன்னாங்களா? போ, போய் உன் சொட்டைப் பாரு."

குறை வந்தது, ஆனால் வாயால் இல்லை, காலால். பெண்கள் நேரம் முடிந்து எல்லோரும் உடைமாற்றும் அறைக்கு வந்தால், அம்மா துடைத்து வைத்த வெள்ளைத் தரையில் சிவப்புப் பொட்டுகள். டைல்ஸ் இடுக்குச் சிமெண்டு கரைந்து, ஓரங்கள் கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. தண்ணீரில் ஊறிய பாதத்துக்கு வெட்டுவது தெரியாது. வெளியே வந்து நடக்கும்போதுதான் ரத்தம்.

அதிகம் வெட்டுப்பட்டவள் 'நீலத் தொப்பி'. போடுகிற நீச்சல் தொப்பியால் வந்த பெயர். ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள், நாற்பதைத் தாண்டியவள். முதுகு வலிக்கு நீச்சல்தான் மருந்து என்று டாக்டர் சொல்லி, வெட்கப்பட்டுக்கொண்டே வந்து சேர்ந்தவள். ஆழமில்லாத பக்கம் தத்தித் தத்திக் கற்றுக்கொண்டு, இப்போதுதான் சுவரைப் பிடித்தபடி ஆழமான பக்கம் போகத் துணிந்திருந்தாள். எந்நேரமும் சுவர் ஓரமே கதி என்பதால் கால் முழுக்கக் கீறல். அம்மா அவள் பாதத்தை மடியில் வைத்து பிளாஸ்திரி ஒட்டுவாள்.

"ஐயோ, நீங்க ஏங்க என் காலைப் பிடிக்கிறீங்க?"

"சும்மா இரும்மா. தரையெல்லாம் ரத்தமானா நான்தானே துடைக்கணும்."

நீலத் தொப்பி சிரித்து, வாசலில் நின்ற சொட்டுவைப் பார்த்தாள். "இவங்க உங்க பொண்ணா? ஏதோ கால்சியம் போட்டாச் சரியாகும்னு சொன்னாங்களாமே. போடச் சொல்லுங்களேன். இல்லன்னா முதுகு சரியாகிறதுக்குள்ள எனக்குப் பாதம் மிஞ்சாது."

"நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அது கோரிக்கை. நீங்க சொன்னா அது புகார். இங்க புகாருக்குத்தான் காது உண்டு" என்றாள் சொட்டு.

நீலத் தொப்பி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்ப் புகார் சொன்னாள். அந்த வாரமே மூட்டைகள் வந்து இறங்கின.

கால்சியம் குளோரைடு வெள்ளை வெள்ளையாகச் செதில் செதிலாக இருக்கும். நேரே குளத்தில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதற்கப்புறம்தான் கால்சியம். மாற்றிச் செய்தால் பொங்கி முகத்தில் அடிக்கும். சொட்டு ஒரு வாளியில் கரைத்துக் காட்டினாள். மாமா வாளியைத் தொட்டுவிட்டு விரலை உதறினார்.

"அடியேய், அடுப்பில்லாம கொதிக்குதே! காலையில டீ போட இது போதும் போல."

"குடிச்சீங்கன்னா அத்தைக்கு உங்க தொல்லை விட்டுது."

"உங்க அத்தை அதுக்குத்தான் காத்திருக்கா" என்று மாமா சிரித்தார். நல்ல மனுஷன்தான். பம்பு சத்தத்திலேயே வாழ்ந்து காது மந்தமாகி, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனுஷன். அந்தத் தலையாட்டல்தான் கடைசியில் வினையானது.

தண்ணீரில் இன்னொரு குறையும் இருந்தது. அமிலத்தன்மை. அதற்குச் சலவைச் சோடா போட வேண்டும். சொட்டு தெளிவாகச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, மாமா காதருகே கத்தி மூன்று தடவை சொன்னாள். "இந்த வார விடுமுறைக்குச் சோடா மட்டும். கால்சியம் அடுத்த வார விடுமுறைக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டுச் சுண்ணாம்பாத் திரிஞ்சிடும். குளமே பால் மாதிரி ஆயிடும் மாமா. தெளியவே சில நாள் ஆகும்."

மாமா தலையாட்டினார். மேனேஜரும் பக்கத்தில் நின்று கேட்டார்.

"ரெண்டு வாரமா? ஒரு நாள் லீவுல முடிக்கிற வேலையை ஏம்மா ஜவ்வு மாதிரி இழுக்கிறே?"

"வேதியியல் உங்க லீவைப் பார்த்து நடக்காது சார்."

மேனேஜர் விடுமுறை நாளன்று அவளைப் பெரிய சந்தைக்கு அனுப்பினார், சோதனை மருந்து தீரப்போகிறது, நீயே பார்த்து வாங்கி வா என்று. கடை கடையாக ஏறி இறங்கி அவள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாமா வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கிளப்புக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

குளம் வெள்ளையாக இருந்தது. கலங்கல் என்று சொல்ல முடியாது. வெள்ளை. யாரோ ஒரு பெரிய தொட்டி நிறையப் பால் காய்ச்சி ஆறவைத்தது மாதிரி. மேல் படிக்கட்டு தெரிந்தது, இரண்டாவது படி மங்கலாக, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெயில் பட்டு அழகாகக்கூட இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"மாமா!"

மாமா பம்பு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "மேனேஜர் ரெண்டையும் போடச் சொன்னாரு. போட்டேன். நான் அவர் பேச்சைக் கேட்கவா, உன் பேச்சைக் கேட்கவா?"

"நான் என்ன வேண்டுதலுக்கா கத்தினேன்?"

"என்கிட்ட கத்தாதடி. அவர்கிட்டக் கத்து."

அவரிடமும் கத்தினாள். மேனேஜர் ஏற்கனவே குளக்கரையில்தான் இருந்தார், இடுப்பில் கை வைத்து.

"சார், இன்னைக்குத் திறக்கக் கூடாது. அடி தெரியல. உள்ள யாராவது போனா மேலேருந்து பார்க்க முடியாது. பம்பு ஓடட்டும், வடிகட்டி பிடிக்கட்டும், தெளிஞ்சப்புறம் திறக்கலாம்."

"நேத்து முழுக்க மூடியாச்சு. இன்னைக்கும் மூடினா கிளப் தலைவருக்கு யார் பதில் சொல்றது? நீயா?"

"சொல்றேன். கூப்பிடுங்க அவரை."

மேனேஜரின் முகம் இறுகியது. "இங்க ஒரு முறை இருக்கும்மா. நீ வர்றதுக்கு முன்னாலேருந்து இருக்கு. மூடி தெரிஞ்சாத் திறக்கணும், தெரியலன்னா மூடணும். என் இஷ்டமும் இல்லை, உன் இஷ்டமும் இல்லை. மூடியைப் போடச் சொல்றேன், நீயே பாரு, நீயே சொல்லு."

அந்த முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்புப் பெயிண்டு அடித்த ஓர் இரும்பு மூடி. தினமும் காலையில் ஆழமான பக்கம் அடியில் போட்டுவிட்டு, கரையிலிருந்து பார்ப்பார்கள். தெரிந்தால் தண்ணீர் தெளிவு, கதவைத் திறக்கலாம். போடுவது மாமா, பார்ப்பதும் மாமா. சொட்டு தன் மேசையில் குழாயும் கையுமாக இருக்கும்போது, "தெரியுது!" என்று தூரத்திலிருந்து அவர் குரல் மட்டும் வரும். பளிங்குத் தண்ணீரில் அதைப் போய் எட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மாமா நீளக் கம்பின் கொக்கியில் மூடியை மாட்டி இறக்கினார். பக்கத்தில் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு மேனேஜரோடு வாதாடிவிட்டு வந்து சேர்வதற்குள் கம்பு வெளியே வந்துவிட்டது.

"அடியிலதானே மாமா?"

"அடியிலதான், அடியிலதான். பாரு."

குனிந்தாள். வெள்ளைக்குள் ஒரு கறுப்பு நிழல். ஓரம் கரைந்து, வட்டமா சதுரமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு கறை. ஆனால் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம். மூன்றாவது படியே தெரியாத தண்ணீரில் அடி எப்படித் தெரிகிறது? நிமிர்ந்தாள். அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைச் சொட்டு சின்ன வயதிலிருந்தே அறிவாள். மாமா வீட்டு முன்னறையில் யாராவது குரலை உயர்த்தினால், பின்னறையில் அம்மா பார்க்கிற பார்வை. விட்டுவிடு, போதும், வீட்டைக் கெடுத்துவிடாதே.

"என்னம்மா? தெரியுதா, தெரியலயா?" என்றார் மேனேஜர்.

"தெரியுது" என்றாள் சொட்டு.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. இத்தனை நாள் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள், அன்றைக்கு ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

பெண்கள் நேரம் வந்தது. வழக்கத்தைவிடக் கூட்டம். வெள்ளைத் தண்ணீரைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு "பால் குளியல்டி, ராணி மாதிரி" என்று யாரோ சொல்ல, ஒரே கும்மாளம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காவல் பார்க்கிற, ஆபத்து என்றால் மட்டும் இறங்க அனுமதியுள்ள விசிலக்கா மட்டும் நாற்காலி நுனியிலேயே இருந்தாள். "தலைதான்டி தெரியுது. கழுத்துக்குக் கீழ யாருக்கும் உடம்பே இல்லாத மாதிரி இருக்கு" என்று சொட்டுவிடம் முணுமுணுத்தாள். சொட்டு மேசைக்குப் போய் மறுபடி குழாயை எடுத்தாள். கடினத்தன்மை கொஞ்சம் ஏறியிருந்தது. அவள் கேட்டது நடந்திருந்தது.

விசில் ஊதியாகிவிட்டது. எல்லோரும் ஏறினார்கள். குளம் அமைதியானது. உடைமாற்றும் அறையில் பேச்சு, சிரிப்பு, கதவுச் சத்தம், ஈரத்துணி பிழிகிற சத்தம். ஒவ்வொருவராகப் போனார்கள்.

அம்மா வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு ஜோடி செருப்பு.

"வங்கிக்காரம்மா போயிட்டாங்களாடி? செருப்பு இங்கேயே கிடக்கு."

விசிலக்கா திரும்பிக் குளத்தைப் பார்த்தாள். சொட்டுவும் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் பிடித்துக் கட்டியது மாதிரி.

விசிலக்கா ஓடி வந்த வேகத்தில் குதித்தாள். மூழ்கினாள், எழுந்தாள், மூழ்கினாள். "ஒண்ணும் தெரியலடி! என் கையே எனக்குத் தெரியல!" என்று அலறிவிட்டு மறுபடி மூழ்கினாள். மாமா கம்போடு ஓடி வந்தார். கம்பால் துழாவினார், எட்டவில்லை. சட்டையோடு குதித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குளத்துத் தண்ணீரில் இறங்கினார். சொட்டு கரையில் நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே வழியும் இருந்ததில்லை. அவள் செய்ய முடிந்ததெல்லாம், இங்கே, அங்கே என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கை நீட்டிக் காட்டியதுதான்.

ஆழமான பக்கத்து மூலையில், சுவரை ஒட்டி, விசிலக்காவின் கால் எதன் மீதோ பட்டது. மேலே கொண்டுவந்தபோது நீலத் தொப்பி தலையிலேயே இருந்தது. பாதத்தில் அம்மா ஒட்டிய பிளாஸ்திரி ஊறிப்போய் ஒரு முனையில் தொங்கியது.

மூச்சு ஊதினார்கள், நெஞ்சை அமுக்கினார்கள், வண்டி வந்தது, போனது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகுதான் சொட்டு அதைப் பார்த்தாள். ஆட்கள் கலைந்து, மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, மாமா ஈரம் சொட்டச் சொட்டக் கம்பை எடுத்துக்கொண்டு ஆழமான பக்கம் போனார். கம்பை இறக்கினார். மூடியை மாட்டி மேலே எடுத்தார். கம்பில் நனைந்த பகுதி அவர் இடுப்பு உயரம்கூட இல்லை.

சொட்டு பக்கத்தில் போனாள். "மாமா. கம்பு அவ்வளவுதான் உள்ள போச்சு."

மாமா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அடியிலதான்னு சொன்னீங்களே."

"விளிம்பு ஒண்ணு இருக்குடி, உள்சுவரைச் சுத்தி. நீந்துறவங்க நின்னு மூச்சு வாங்க. அது மேலதான் வைப்பேன். எப்பவும் அங்கதான் வைப்பேன்." மூடியைத் தரையில் வைத்தார். "அடியில போட்டா யாரு எடுக்கிறது? கம்பு எட்டாது. நம்மளைத்தான் இறங்க விட மாட்டாங்களே. தண்ணி தெளிவா இருந்தப்ப எங்க வெச்சா என்ன? எல்லாம்தான் தெரிஞ்சுது."

சொட்டு இடுப்பளவு தண்ணீர் வழியாகக் கறுப்பு நிழலைப் பார்த்துவிட்டு, ஒரு பெண்ணை அதன் கீழே அனுப்பியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மாமா பின்னறை வாசலில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நாளைக்குப் போலீஸ் அதிகாரி வர்றாராம், விசாரிக்க. மூடியை அடியிலதான் போட்டேன்னு சொல்லப்போறேன்." சொட்டுவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டையும் ஒரே நாள்ல போடச் சொன்னதும் நீதான்னு சொல்லச் சொல்றாரு. அதை நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஞாபகம் இல்லன்னுடுவேன்."

"ரொம்ப உபகாரம் மாமா."

"அப்படிப் பேசாதடி..."

"வேற எப்படிப் பேசணும்? மூடி அடியில இருந்துச்சுன்னா, பார்த்துத் திறக்கச் சொன்னவ நான். மேனேஜர் தப்பிச்சாரு, நீங்க தப்பிச்சீங்க. மிச்சம் யாரு இருக்கா?"

மாமா எழுந்து போய்விட்டார். முன்னறையில் அவருடைய பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அம்மா பாயை விரித்து, சுருக்கத்தை நீவி, விரித்ததையே மறுபடி நீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா. நீ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தே. அவர் எங்க வெச்சாருன்னு பார்த்தே."

அம்மா நீவுவதை நிறுத்தவில்லை. "அவனுக்கு வேற என்னடி தெரியும்? அந்தப் பம்பைத் தவிர? அவனை உள்ள தள்ளிட்டா இந்தக் குடும்பம் எங்க போகும்? நாம எங்க போவோம்?"

"அப்ப என்னை உள்ள தள்ளலாமா?"

"நீ படிச்சவ." அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கணக்குப் போட்டு முடித்த முகம். "உனக்கு நாலு வார்த்தை பேசத் தெரியும். சட்டம் கிட்டம் புரியும். எப்படியாவது மீண்டு வந்துடுவே. அவனால முடியாது."

இதற்குத்தான் படிக்க வைத்தாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அம்மா உண்மையைச் சொல்லிவிடக் கூடும் என்று பயமாக இருந்தது. கிளப் வேலை போக எட்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து, ஒரு பட்டம் வாங்க வைத்து, அந்தப் பட்டத்தை இப்போது குடும்பத்துக்குக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கிறாள். அடி கேடயத்தின் மேல்தானே விழும்.

மறுநாள் அதிகாரி மேனேஜர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தாத கதவு. வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது.

"நான் வணிகவியல் படிச்சவன் சார்" என்றது மேனேஜரின் குரல். "தண்ணியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அதுக்குன்னு பட்டம் வாங்கின பொண்ணை வெச்சிருக்கோம். அவங்க பார்த்து 'தெரியுது'ன்னாங்க. திறந்தோம். படிச்சவங்க பேச்சை நம்பாம யார் பேச்சை நம்புறது?"

சொட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் படிப்பை அவர் மதித்தது அதுதான் முதல் தடவை.

மாமா உள்ளே போனார். அடியிலதான் போட்டேன் சார். ஒரு தடவை சொன்னார். அதிகாரி திரும்பக் கேட்டதும் காது கேட்காதவர் மாதிரி அதையே சத்தமாகச் சொன்னார்.

பிறகு சொட்டு. எல்லாவற்றையும் சொன்னாள். கால்சியம் கேட்டது, சோடாவும் கால்சியமும் ஒன்றாகக் கூடாது என்று சொன்னது, தன்னைச் சந்தைக்கு அனுப்பியது, யார் போடச் சொன்னது, விளிம்பு, கம்பு, ஈரம் பட்ட உயரம். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார்.

"ஆனா நீங்கதான் தெரியுதுன்னு சொன்னீங்க."

"ஆமா சார். சொன்னேன். படி தெரியாத தண்ணியில அடி எப்படித் தெரியும்னு தோணுச்சு. தோணியும் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "மூடி விளிம்புல இருந்ததுன்னு வேற யாராவது பார்த்தாங்களா?"

"எங்க அம்மா பார்த்தாங்க. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க."

அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா நனைந்த கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றாள்.

"நான் உள்ள இருந்தேன் சார். பெண்கள் அறையில. தரை துடைச்சுக்கிட்டு. நான் எதையும் பார்க்கல."

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். சொட்டுவைப் பார்த்தார். "உங்க அம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

அம்மா அவளைப் பார்த்தாள். அதே பார்வை. விட்டுவிடு, போதும்.

நேற்று அந்தப் பார்வைக்கு அடங்கித்தான் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தை என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் வீட்டில் யாரோ இந்நேரம் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஆமா சார்" என்றாள். "எங்க அம்மா பொய் சொல்றாங்க. எங்க மாமாவும் பொய் சொல்றாரு. மேனேஜரும்."

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. சூட்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறவர்கள் போடுகிற சத்தம். அதிகாரி அம்மாவிடம் மறுபடி கேட்டார். அம்மா மறுபடியும் அதையே சொன்னாள், இந்தத் தடவை சொட்டுவின் முகத்தைப் பார்த்தே.

இரண்டு பேச்சையும் அதிகாரி எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், கூப்பிடும்போது சொட்டு வர வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னார். அவளிடம் மட்டும்தான் அப்படிச் சொன்னார். வேலைக்கு இனி வர வேண்டாம் என்று குமாஸ்தா வாசலில் சொன்னார். அவளுடைய சோதனைப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள். சொட்டுவும் போய் நின்றாள், கொஞ்சம் தள்ளி. போக வேறு வீடு இல்லை. இரண்டு பேரும் அதே பஸ்ஸில் ஏறி, மாமா வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அதே பின்னறை, அதே பாய்.

பஸ் வந்தது. அம்மா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக் கூடையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். சொட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இருக்கைக்கு அருகில் நின்றாள். கண்டக்டர் வந்து, "உட்காருங்கம்மா, காலியாத்தானே இருக்கு" என்றார்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையை எடுக்கவில்லை.